இப்போதெல்லாம் கனைப்பதே இல்லை

கேள்வி: நாங்கள் கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் என் மகனுக்காக ஒரு பெட்டைக் குதிரை வாங்கினோம். செவலை நிறம். கத்தியவார் ஜாதி என்றார்கள். ராணி என்று பெயர் வைத்தோம், இப்போது எட்டு வயது. மகன் தினமும் இரண்டு வேளை ஓட்டுவான். போன வருடம் அவன் கல்லூரி விடுதிக்குப் போனபின் யாரும் ஏறுவதில்லை. பத்துக்குப் பத்து கொட்டகையில் கட்டி வைத்திருக்கிறோம். காலையும் மாலையும் கொள்ளும் கோதுமைத் தவிடும், கூடவே ஒரு கட்டு சூப்பர் நேப்பியர் புல்லும் போடுகிறோம். நான்கு மாதமாகத் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே நிற்கிறது. தீவனத் தொட்டியின் மரச்சட்டத்தைப் பல்லால் கவ்விக்கொண்டு ஏப்பம் விடுவதுபோல ஒரு சத்தம் எழுப்புகிறது. சுழி சரியில்லை, அதோடு திருஷ்டியும் சேர்ந்துகொண்டது என்கிறார் மாமியார். ‘வேலை இல்லாத திமிர்’ என்று என் வீட்டுக்காரர் கயிற்றைக் குட்டையாக்கிவிட்டார். கவ்வாமல் இருக்கக் கழுத்தில் இறுக்கும் வார் ஒன்று வாங்கப்போவதாகவும் சொல்கிறார். ஒரே நல்ல விஷயம், முன்பு ஆளைக் கண்டாலே கனைத்து ஊரைக் கூட்டும். இப்போதெல்லாம் கனைப்பதே இல்லை, அமைதியாகிவிட்டது. இது நோயா, சேட்டையா? குதிரைக்கும் மனக்கஷ்டம் வருமா? பேசாமல் விற்றுவிடலாமா?

பதில்: வணக்கம் அம்மணி. ராணியை ‘அவள்’ என்றே எழுதுகிறேன். முப்பது வருடம் குதிரைகளோடு நின்ற பழக்கம், மாற்ற முடியவில்லை.

தலையாட்டுவதையும் மரத்தைக் கவ்வுவதையும் எழுதிவிட்டு, ‘ஒரே நல்ல விஷயம்’ என்று கடைசியில் சேர்த்திருக்கிறீர்களே, எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அதுதான். ஆளைக் கண்டாலே கனைத்த குதிரை கனைப்பதை நிறுத்திவிட்டது என்றால், கூப்பிட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். ஆட்டம் என்பது இன்னும் முட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும் குதிரையின் வேலை. அமைதி அதற்கு அடுத்த கட்டம்.

சேட்டையா என்று கேட்டீர்கள். இல்லை. நோயா என்றால், நோய் இருக்கலாம், அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் மூலகாரணம் ராணியின் உடம்புக்குள் இருப்பதைவிட அந்தக் கொட்டகைக்குள்தான் அதிகம் இருக்கிறது.

முதலில் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டுக்காரரும் கோபப்படாமல் படிப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பண்ணையில் இதேபோல ஆடிக்கொண்டிருந்த வெள்ளைக் குதிரையைக் காட்டினார்கள். மாட்டு வைத்தியம்தான் எனக்கு அதுவரை பழக்கம். இரண்டு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டச் சொன்னேன். ஆட்டம் நின்றது. எனக்கு ஒரு வேட்டி, சட்டை கிடைத்தது. ஒரு மாதம் கழித்துப் போனபோது அந்தக் குதிரை தலை ஆடாமல், முன்னங்கால் இரண்டையும் மட்டும் மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தது. விடியவிடிய அப்படித்தான் என்றார் லாயக்காரர். குளம்புக்கு அடியில் தரை குழிந்திருந்தது. ஆட்டத்தை நிறுத்தினேனே தவிர, எதற்காக ஆடியதோ அதைத் தொடவே இல்லை. கயிற்றைக் குட்டையாக்கிய உங்கள் வீட்டுக்காரர் செய்ததும் அதே காரியம்தான்.

இப்போது வயிற்றுக்கு வருவோம். குதிரையின் மனசைப் பற்றிக் கேட்டால் இவர் என்ன வயிற்றைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைக்காதீர்கள். குதிரையின் விஷயத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு.

நமக்கு முக்கியமாகச் சாப்பாட்டை ஒட்டித்தான் இரைப்பையில் அமிலம் சுரக்கும். குதிரைக்கு இரவு பகல் பாராமல் சுரந்துகொண்டே இருக்கும். திறந்தவெளியில் விட்டால் ஒரு நாளில் 16 மணி நேரம்வரை மேயும் பிராணி அது. கொஞ்சம் கொஞ்சமாகப் புல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் அமைந்த வயிறு. உடம்பு அவ்வளவு பெரிதாக இருந்தாலும் இரைப்பை 10 லிட்டரைச் சுற்றித்தான் பிடிக்கும். அமிலத்தைத் தணிக்க உமிழ்நீர் வேண்டும். மாங்காயைப் பார்த்தாலே நமக்கு வாய் ஊறுகிறதே, குதிரைக்கு அப்படி ஊறாது; மென்றால்தான் ஊறும். ஒரு கிலோ காய்ந்த புல்லை மெல்ல அதற்கு முக்கால் மணி நேரம் பக்கமாக ஆகும். ஒரு கிலோ கொள்ளும் தவிடும் பத்து, பதினைந்து நிமிடத்தில் காலி.

உங்கள் கணக்கைப் போடுங்கள். ஒரு கட்டுப் புல், இரண்டு வேளைத் தீவனம். எல்லாம் சேர்த்து நாலு, ஐந்து மணி நேரத்துக்கு வாய்க்கு வேலை. மிச்ச நேரமெல்லாம் காலி வயிறு, அதில் அமிலம். இரைப்பையின் மேல்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு கிடையாது, அங்கே புண் வரும். மரச்சட்டத்தைக் கவ்வி, கழுத்தை வளைத்துக் காற்றை இழுக்கும்போது அவளுக்கு ஏதோ ஓர் ஆறுதல் கிடைக்கிறது. இது இளம் வயதிலேயே பல குதிரைகளுக்குத் தொற்றிக்கொள்ளும் வழக்கம். தாய்ப்பாலை மறக்கவைக்கும் சமயத்தில் தானியத்தீவனத்தை அள்ளி வைப்பதும் ஒரு காரணம். ராணிக்கு நான்கு மாதம் முன்னால்தான் தொடங்கியது என்றால் நல்லதே, ஊறிப்போகும் முன் பிடித்துவிட்டோம்.

அதனால் முதல் வேலை, புல். ராணி 350 கிலோ இருப்பாள் என்று வைத்துக்கொள்வோம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு காய்ந்த கணக்கில் தீனி வேண்டும், அதாவது 7 கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்தான். ஆக, பச்சையாகவே போடுவதென்றால் 35 கிலோ ஆகும். அதை ஒரே இடத்தில் கொட்டாமல், நாளுக்கு நாலைந்து தடவையாக, கொட்டகையின் இரண்டு மூன்று மூலைகளில் போடுங்கள். கெட்டியான பருத்திக் கயிற்றில் சின்னக் கண் வைத்து ஒரு வலை பின்னி, அதில் புல்லை அடைத்து, கால் சிக்காத உயரத்தில் கட்டினால் உருவி உருவித் தின்ன நேரமாகும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு வலை நிறையக் காய்ந்த புல் வைத்துவிட்டுத் தூங்கப்போங்கள். அவளுக்கு மிக நீளமான நேரம் இரவுதான்.

எந்தப் புல் என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. கொங்கு நாட்டில் எல்லாத் தோட்டத்திலும் சூப்பர் நேப்பியர்தான். மாட்டுக்கு அருமையான தீவனம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் ஆக்சலேட் என்ற உப்பு அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாட்டின் பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதைச் சமாளித்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதோடு தவிட்டில் இருக்கும் பாஸ்பரஸும் சேர்ந்தால், ரத்தத்தில் குறையும் சுண்ணாம்பை ஈடுகட்ட உடம்பு தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். முதலில் காரணம் தெரியாத நொண்டல், இன்றைக்கு ஒரு காலில், நாளைக்கு வேறொரு காலில். அப்புறம் முகத்து எலும்பு இருபுறமும் புடைத்துக்கொள்ளும். நேப்பியரும் தவிடும் மட்டுமே தின்னும் குதிரைகளை நம் பக்கத்தில் நிறையப் பார்க்கிறேன்.

குதிரைமசால் என்று ஒரு தீவனப்பயிர் இருக்கிறதே, பெயரிலேயே யாருக்கு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்! அதில் சுண்ணாம்பு நிறைய, வயிற்றுப் புளிப்பையும் தணிக்கும். தினம் இரண்டு மூன்று கைப்பிடி போதும், அதையே முழுத்தீனியாக்க வேண்டாம். முக்கியத் தீனிக்கு அருகம்புல்லைவிட நல்லது தேட வேண்டியதில்லை. தோட்டத்தில் களை என்று பிடுங்கி வரப்பில் எறிவதைக் காயவைத்துச் சேர்த்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பச்சைச் சோளப்பயிரை மட்டும் காட்டாதீர்கள், அது குதிரைக்கு ஆகாது. கொள்ளு? ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று சொல்லிவைத்திருப்பது நமக்கு. ராணி இப்போது உழைக்கவில்லை, உழைக்காத குதிரைக்கு நல்ல புல்லும், நக்கக் கல்லுப்பும், தொட்டி நிறையத் தண்ணீரும் இருந்தால் கொள்ளு கொஞ்சம் இருந்தாலே அதிகம். எதை மாற்றினாலும் பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுவலி வந்துவிடும். காற்றை இழுக்கும் குதிரைக்கு அந்த ஆபத்து ஏற்கெனவே கூடுதல்.

வயிற்றுவலி வந்தால் தெரியும்: விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள், தரையைக் காலால் பறிப்பாள், படுத்துப் புரளுவாள், லத்தி போடமாட்டாள். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மூங்கில் குழாயில் நல்லெண்ணெய் ஊற்றுவதை மட்டும் யார் சொன்னாலும் செய்யவேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் அதன்பின் நான் வந்தும் பயனில்லை.

அடுத்தது துணை. இதை எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் செலவு வைக்கும் பேச்சு. குதிரை தனியாக வாழும் பிராணி அல்ல. ஆபத்து வந்தால் ஓடுவதைத் தவிர வேறு ஆயுதம் இல்லாத பிராணிக்கு, இன்னொரு ஜோடிக் கண் பக்கத்தில் இருந்தால்தான் கொஞ்சம் கண்ணயர முடியும். சுவிட்சர்லாந்தில் 2008-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளில், குதிரை வளர்ப்பவர் அது இன்னொரு குதிரையைப் பார்க்க, கேட்க, முகர வசதி செய்து தரவேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். கொட்டகையில் கண்ணாடி மாட்டி, அதில் தெரியும் தன் உருவத்தையாவது பார்க்கவிட்டால்கூடத் தலையாட்டம் குறைந்ததை பிரிட்டனில் ஆராய்ச்சி செய்து பார்த்திருக்கிறார்கள். பிம்பத்துக்கே இந்த மதிப்பு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். (அதைப் படித்துவிட்டு வீட்டு நிலைக்கண்ணாடியைக் கொண்டுபோய் மாட்டிவிடாதீர்கள், உடைத்துக் காலைக் கிழித்துக்கொள்வாள்.)

இன்னொரு குதிரை வாங்கச் சொல்லவில்லை. ஓடி ஓய்ந்த மட்டக்குதிரை ஒன்று சும்மா கிடைத்தால் அது முதல் தரம். இல்லையென்றால், தோட்டத்தில் மாடு இருந்தால் அவற்றைப் பார்க்கும்படி ராணியின் கொட்டகைச் சுவரைத் திறந்துவிடுங்கள். மார்பு உயரத்துக்கு மேலே சுவர் வேண்டாம். இரண்டு வெள்ளாட்டுக்குட்டியை அவளோடு விட்டாலும் பழகிக்கொள்வாள். குதிரைக்கு ஈடாகாது, ஆனால் நாலு சுவருக்கு எவ்வளவோ மேல். ஒரே ஓர் எச்சரிக்கை: மாட்டுக்கோ கோழிக்கோ வாங்கிய கடைத்தீவனம் ராணியின் வாய்க்கு எட்டக்கூடாது. அவற்றில் சிலவற்றில் மோனென்சின் போன்ற மருந்து கலந்திருக்கும். கோழிக்கு மருந்து, குதிரைக்கு இதயத்தை நிறுத்தும் விஷம். நம் பக்கம் வீட்டுக்கு வீடு கோழிப்பண்ணை என்பதால் சொல்கிறேன்.

குதிரைக்கு மனக்கஷ்டம் வருமா என்று கேட்டீர்கள் இல்லையா? நூற்றிருபது வருடத்துக்கு முன் ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை பெரிய பெயர் வாங்கியது. அதன் எஜமானர் வான் ஓஸ்டன் கூட்டல் கணக்குச் சொன்னால் சரியான எண்ணிக்கை வரும்வரை காலால் தட்டும். 1904-இல் அறிஞர்கள் குழுவே வந்து பார்த்தது, ஏமாற்று எதுவும் அகப்படவில்லை. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் கண்டுபிடித்தார்: கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரிவதில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலையும் உடம்பும் தன்னையறியாமல் இம்மியளவு அசையும், அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்திவிடும். குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று எல்லாரும் கதையை அதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. எதிரே நிற்கும் மனிதனுக்கே தெரியாத அசைவை அது படித்திருக்கிறது பாருங்கள்! இப்போது உங்கள் வீட்டுக்காரர் ‘திமிர்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழையும்போது ராணி எதைப் படிப்பாள்?

இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2016-இல் கோபமான மனித முகத்தின் படத்தைக் குதிரைகளுக்குக் காட்டினார்கள். அதை இடது கண்ணால் அதிகம் பார்த்தன, இதயத்துடிப்பும் சீக்கிரம் ஏறியது. அதே வருடம் நார்வேயில் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள்: கம்பளி போர்த்து, கம்பளியை எடு, இப்படியே இருக்கட்டும். மூக்கால் தொட்டுச் சொல்லவேண்டும். இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டு, குளிர்மழை நாளில் போர்த்தச் சொல்லியும் வெயில் நாளில் எடுக்கச் சொல்லியும் கேட்டன. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தால் கேட்கத் தெரிந்த பிராணி. கிடைக்காது என்று தெரிந்தால் கேட்பதை விட்டுவிடவும் தெரிந்த பிராணி.

பிரான்சில் ரென் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், சவாரிப் பள்ளிக் குதிரைகளில் சில விநோதமாக நிற்பதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். கழுத்து முதுகின் மட்டத்துக்கு இறங்கி நீண்டிருக்கும், கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது, காது திரும்பாது. தூங்குகிறது என்று நினைத்துக் கடந்துபோய்விடுவோம். தூங்கும் குதிரையின் கண் பாதி மூடியிருக்கும், கீழுதடு தளர்ந்து தொங்கும், ஒரு பின்னங்காலை மடக்கி ஓய்வு கொடுத்திருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும்.

நாளை மதியம் மூன்று மணிக்கு, தீவன நேரம் இல்லாத நேரமாகப் பார்த்து, ராணியின் கண்ணில் படாமல் இருபது நிமிடம் நின்று பாருங்கள். காதுகளைப் பாருங்கள் முதலில். கத்தியவார்க் குதிரைக்குக் காது நுனிகள் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும், அதனால் எங்கே திரும்புகிறது என்று நன்றாகவே தெரியும். பம்ப்செட் சத்தத்துக்கு ஒன்று, நாய்க்கு ஒன்று என்று தனித்தனியாகத் திரும்பினால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறாள். இரண்டும் விறைத்துப் பின்னால் சாய்ந்து, கண்ணுக்கு மேலே எலும்பு தெரிய இறுகி, மூக்குத்துவாரம் ஒடுங்கி, தாடைச் சதை புடைத்து, கீழுதடும் முகவாயும் இறுகி நின்றால் அது வலி. 2014-இல் வலிக்கென்று குதிரையின் முகத்தை அளக்கும் முறை ஒன்றே வகுத்திருக்கிறார்கள், நான் சொன்னவையெல்லாம் அதில் உண்டு.

வலி என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒருமுறை மருத்துவரை வரவழையுங்கள். பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். குதிரைப் பல் ஈறிலிருந்து வருடக்கணக்கில் மேலெழும்பி வந்து தேய்ந்துகொண்டே இருப்பது. ஓரத்தில் கத்திபோல முனை வந்து கன்னத்தைக் கிழிக்கும், அரத்தால் ராவிவிட்டால் சரியாகும். குளம்பு வெட்டி எத்தனை மாதம் ஆயிற்று? ஏறுவதில்லை என்பதால் லாடக்காரரையும் மறந்திருப்பீர்கள். லாடம் இருந்தால் கழற்றிவிட்டு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் செதுக்கினால் போதும். லத்தியில் குடற்புழு, ரத்தத்தில் சர்ரா (ஈக்கடியால் பரவும் ஒட்டுண்ணி நோய்), தனுர்வாதத் தடுப்பூசி, இவற்றை மருத்துவர் பார்த்துக்கொள்வார். வயிற்றுப்புண் சந்தேகத்தையும் என் கடிதத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

கயிறு விஷயம். கொட்டகைக்குள் அவளை அவிழ்த்தே விடுங்கள். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மை. கண்ணயர்வது நின்றுகொண்டு. ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆகவேண்டும், நாளுக்கு அரைமணி நேரமாவது. குட்டைக் கயிற்றில் எப்படிப் படுப்பாள்? காலையில் போய் அவள் விலாவைப் பாருங்கள். வைக்கோல் துரும்போ மண்ணோ ஒட்டியிருந்தால் படுத்திருக்கிறாள். ஒரு வாரமாக ஒன்றும் ஒட்டவில்லை, முன்னங்கால் மூட்டில் தோல் உரிந்த காயம் இருக்கிறது என்றால், நின்றவாக்கில் தூங்கிச் சரிந்து விழுகிறாள். கல்தளம் என்றால் மேலே ஒரு முழங்கை ஆழத்துக்கு வைக்கோல் பரப்புங்கள். பத்துக்குப் பத்தைப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாக்கினால் சௌகரியம். ஆனால் பகலில் வெளியே விடப்போகிறீர்கள் என்றால் இடம் அவ்வளவு பெரிய விஷயமில்லை.

வெளியே விடத்தான் வேண்டும். தோப்பு இருந்தால் காலை ஐந்திலிருந்து ஒன்பது, மாலை நாலரைக்கு மேல். ஏறி ஓட்ட ஆள் இல்லை என்பது ஒரு தடையே இல்லை. அவள் கேட்பது சவாரி இல்லை, நடை. வேலி முள்கம்பியாக இருந்தால் மூங்கிலோ பட்டையான நைலான் பட்டியோ கட்டிப் பார்வைக்குத் தெரியும்படி செய்யுங்கள். குதிரைத்தோல் முள்கம்பியில் கிழிவதைத் தைத்துத் தைத்து என் கை அலுத்துவிட்டது. வேலியோரம் அரளியும் ஆமணக்கும் இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள், இரண்டும் விஷம். வெயிலில் மூச்சு வாங்கி வாங்கி நிற்கிறாள், ஆனால் உடம்பில் வேர்வையே இல்லை என்றால் நிழலுக்குக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றிவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சில குதிரைகளுக்கு வேர்ப்பதே நின்றுபோகும்.

அவள் மகனை நினைத்து ஏங்குகிறாளா என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் நடுவே அது ஒளிந்துகொண்டிருந்தது. மகன் போனதோடு அவளுக்குப் போனவை என்னென்ன என்று பார்த்தால் போதும்: காலை நடை, மாலை நடை, பக்கத்தில் ஓர் ஆள், தேய்த்துவிடும் கை. அதில் தேய்த்துவிடும் கையை இன்றைக்கே நீங்கள் திருப்பிக் கொடுக்கலாம். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கோதிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, பிடரி முடிந்து முதுகு தொடங்கும் திமில்மாதிரியான மேட்டுக்குச் சற்று முன்னே. பிரான்சில் கமார்க் பகுதிக் குதிரைகளுக்கு அங்கே கையால் சொறிந்துவிட்டபோது இதயத்துடிப்பு இறங்கியதை 1993-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். தட்டிக்கொடுக்காதீர்கள், விரல்நுனியால் அழுத்திச் சொறியுங்கள். இடதுதோள் பக்கமாக, பேசிக்கொண்டே அணுகுங்கள். அவள் நெற்றிக்கு நேர் எதிரும் வாலுக்கு நேர் பின்னும் அவளுக்குத் தெரியாத இடங்கள். சரியான இடம் கிடைத்துவிட்டால் மேலுதடு நீண்டு யானைத் தும்பிக்கைமாதிரி துழாவும், கண் சொருகும். உங்கள் தோளைத் திருப்பிக் கோத வருவாள், பல் படாமல் விலகிக்கொள்ளுங்கள், அதற்காக அடித்துவிடாதீர்கள். மகன் விடுமுறைக்கு வந்ததும் சேணத்தைத் தூக்கிப் போடவேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு வருடத்தில் முதுகுச் சதை இறங்கியிருக்கும், பழைய சேணம் எலும்பில் உட்காரும். ஒரு வாரம் கையில் பிடித்து நடக்கட்டும்.

மாமியார் திருஷ்டி சுற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் தொட்டிப் பக்கம் போடவேண்டாம், அவ்வளவுதான். சுழி பற்றி ஒன்று சொல்வேன். சந்தையில் ஒரு குதிரைக்கு எத்தனை சுழி, எங்கே சுழி என்று அரைமணி நேரம் பார்க்கிறவர்கள், பல்லைப் பிடித்து வயதையும் எண்ணுகிறவர்கள், இது இதுவரை யாரோடு நின்றது என்று மட்டும் கேட்பதில்லை. ராணி பெரும்பாலும் வேறு குதிரைகளோடு நின்றுதான் உங்கள் வீட்டுக்கு வந்திருப்பாள்.

விற்பது பற்றி. மேலே சொன்னதில் புல்லும் நடையும் துணையும் மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். முடியவே முடியாது என்ற நிலை இருந்தால், விற்பதில் பாவம் ஒன்றும் இல்லை, நான்கு குதிரை நிற்கும் இடத்துக்குப் போனால் அவளுக்கு நல்லதே. ஆனால் இடத்தை நேரில் பாருங்கள், காற்றிழுக்கும் பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள், தரகரிடம் விடாதீர்கள். கல்யாண ஊர்வலத்துக்கு நாட்டியம் பழக்குகிறோம் என்று வருபவரிடம் கடிவாளத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாய்க்குள் போகும் இரும்பில் முள் இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். முள் கடிவாளத்தை, வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளை வதைப்பதற்கு எதிரான நம் நாட்டின் 1965-ஆம் ஆண்டு விதிகளே தடைசெய்கின்றன.

மூன்று மாதத்தில் ஆட்டம் முழுக்க நிற்கும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். குறையும். தீவன நேரத்தில் கொஞ்சம் ஆடலாம், மரத்தை எப்போதாவது கவ்வலாம், ஆறிய புண்ணின் தழும்புமாதிரி அது கிடந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் பார்க்கவேண்டியது வேறு: விலாவில் துரும்பு, திரும்பும் காது, தோப்பில் புரண்டு எழுந்து உதறும் புழுதி, காலையில் புல்லோடு வரும் உங்களைக் கண்டதும் ஒரு கனைப்பு. அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அந்தக் கழுத்து வார் வேண்டாம். மரத்தைக் கவ்வவிடாமல் குரல்வளையை நெருக்குவதைத் தவிர அது ஒன்றும் செய்யாது. கழற்றிய மறுநாள் முன்னைவிட அதிகமாகக் கவ்வுவாள். உங்கள் வீட்டுக்காரர் இதற்குள் வாங்கியே விட்டார் என்றால், ரசீது கையில் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்துக்கு ஒரு வண்டி அருகம்புல் இறக்கச் சொல்லுங்கள்.